ஐந்தாவது படிக்குக் கீழே

எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஓர் இருட்டறை இருக்கிறது. அறை என்று நான்தான் சொல்வேன்; என் வீட்டுக்காரர் விஸ்டின் அதைப் பொந்து என்பார். குனிந்துதான் உள்ளே போக வேண்டும், போனால் நிமிர முடியாது. வருஷம் முழுக்கத் துடைப்பமும் காலிப் புட்டிகளும் கிடக்கும் இடம். கிறிஸ்துமஸ் நெருங்கினால் மட்டும் அது எனக்குச் சொந்தம். அப்போது யாரும் அதில் மூக்கை நுழைக்கக் கூடாது.

அங்கேதான் நான் முளைப்பாரி போடுவேன். மால்டாவில் வீட்டுக்கு வீடு போடுவதுதான்; குல்பியேனா என்று சொல்வோம். ஈரப் பஞ்சின் மேல் பயறைத் தூவி, ஒரு பொட்டு வெளிச்சம் படாமல் ஐந்து வாரம் மூடி வைத்தால், பச்சை என்பதே இல்லாமல் தூய வெள்ளையாய், கிழவியின் கூந்தல் போல நீளமாய் வளர்ந்து நிற்கும். அதைக் குடிலில் குழந்தை ஏசுவின் பக்கத்தில் வைப்போம். வெள்ளையில் ஓர் இழை பச்சை தெரிந்தாலும் போச்சு. 'யார் வீட்டில் கதவைத் திறந்து பார்த்தார்கள்?' என்று ஊரே கேட்கும்.

எங்கள் இஸ்லா ஊர்க் கோயில் குடிலில் என் சட்டிகள் எத்தனையோ வருஷமாக நின்றிருக்கின்றன. ஆனால் பின்வரிசையில், ஒட்டகத்துக்குப் பக்கத்தில். குழந்தையின் இரண்டு பக்கமும் நிற்பவை எதிர்வீட்டு துமின்கா அக்காவின் சட்டிகள். போன கிறிஸ்துமஸுக்கு அவள் பஞ்சில் பூசணம் பிடித்துவிட்டது. கோடையில் ஒரு நாள் பூசை முடிந்து வரும்போது கோயில்பிள்ளை கிரெட்ஸு என்னைக் கூப்பிட்டு, "இந்த வருஷம் முன்னாடி உன் சட்டிதான் மார்த்தேஸ். சாமியாரே சொல்லிட்டாரு" என்றார். நான் என்னவோ பெரிய ஆள் போல, "பார்க்கலாம் அண்ணே" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஒரு குதி குதித்தேன். வெட்கம் என்ன, குதித்தேன்தான்.

அந்தக் கோடையில்தான் விஸ்டினும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்து சேர்ந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். வாழ்நாள் முழுக்க உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து உலகத்தைக் கீழே பார்த்தவருக்கு, தளத்துக்கு ஓர் அறையாக அடுக்கிய எங்கள் ஒடுங்கிய வீடு பிடிபடவே இல்லை. நான் தரை துடைத்தால் அங்கே நிற்பார். சமைக்கப் போனால் அங்கே நிற்பார். நகரச் சொன்னால் நகர்ந்து, அடுத்து நான் போக வேண்டிய இடத்தில் போய் நிற்பார். என் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் எரிச்சல் அதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தது.

ஒரு நாள் காலை ரொட்டியில் தக்காளி தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சின்னப் பொட்டலத்தை மேசையில் வைத்தார்.

"ஸ்பீரு குடுத்தான்."

ஸ்பீரு அவருடைய கூட்டாளி, படகு வைத்து மீன் பிடிப்பவன். பிரித்துப் பார்த்தேன். விதைகள்.

"கஞ்சாவா?"

"வீட்டுக்கு நாலு செடி வச்சுக்கலாம். சட்டமே சொல்லுது."

"சட்டம் சொல்லும். அந்தச் சட்டம் வந்து என் வீட்ல இடம் காட்டுமா?"

அவர் புகைப்பது எனக்குப் புதிது இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஸ்பீருவும் அவரும் மொட்டை மாடியில் உட்கார்ந்து ஆளுக்கொன்று இழுத்துவிட்டு, உலகத்தில் யாருக்கும் சிரிப்பு வராத விஷயங்களுக்குச் சிரிப்பார்கள். முன்பெல்லாம் எவனோ ஒருவனிடம் ஒளிந்து வாங்கினார்கள். இப்போது சொந்தமாக வளர்க்க ஆசை. ஆனால் அதே சட்டப்படி செடி வெளியிலிருந்து யார் கண்ணிலும் படக் கூடாது, வாடை அக்கம்பக்கத்தைத் தொந்தரவு செய்யக் கூடாது. மொட்டை மாடியை நாலு பக்கத்து மாடிகளும் பார்த்துக்கொண்டிருக்கின்றன. தெருப்பக்கம் இருக்கும் மரக்கூண்டு பால்கனியில் வைத்தால், கையை நீட்டி உப்பு வாங்கும் தூரத்தில் துமின்கா அக்காவின் பால்கனி. வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே இடம்.

"அந்தப் பொந்து சும்மாதானே கிடக்கு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

"நவம்பர் வரைக்கும்தான். அப்புறம் செடியும் வெளியே, நீயும் வெளியே."

சரியென்று தலையாட்டினார். விதையை நனைத்து முளைக்கவும் வைத்துவிட்டார். வெள்ளை வேர் எட்டிப் பார்த்ததும் எனக்குள் இருந்த ஆணவம் விழித்துக்கொண்டது. இந்த மனுஷனுக்கு இரும்பைத் தூக்கத் தெரியும், முளையைப் பற்றி என்ன தெரியும்? முளைப்பாரிக்காரி இருக்கும்போது இவர் எதற்கு? "தள்ளு, நான் பார்த்துக்கறேன்" என்றேன். மண்ணில் ஊன்றினேன், பொந்துக்குள் வைத்தேன், எனக்குத் தெரிந்த ஒரே முறைப்படி கதவைச் சாத்தி அடியில் துணியும் செருகினேன். வெளிச்சம் எட்டிப் பார்க்கவில்லை.

அடேயப்பா, எப்படி வளர்ந்தன தெரியுமா! சில நாளிலேயே விரல் நீளம், பிறகு சாண் நீளம், நூல் மாதிரி தண்டு, வெளிறிய நிறம், உச்சியில் இரண்டு மஞ்சள் இலை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்பீருவைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னதே நான்தான். அவன் குனிந்து உள்ளே பார்த்தான். பார்த்தவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மார்த்தேஸ், குழந்தை ஏசுவை இதுல எப்பப் படுக்க வைக்கப் போறே?"

"ஏன், நல்லாத்தானே வந்திருக்கு?"

"நல்லாவா? இது வளரலைம்மா. வெளிச்சம் எங்க எங்கன்னு தேடி எட்டி எட்டிப் பார்க்குது. இன்னும் ரெண்டு நாள் விட்டா செத்துரும்."

விஸ்டின் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷமும் நான் வளர்த்தது வெளிச்சத்துக்கு ஏங்கி நீண்ட புல்லைத்தான். ஒரு நாளும் அப்படி யோசித்ததில்லை. ஸ்பீரு சொன்னபடி விஸ்டின் ஒவ்வொரு தண்டையும் கழுத்து மட்டும் மண்ணில் புதைத்தார். விளக்கு வாங்கி வந்து இலைக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டார். வாடையை இழுத்து வடிகட்ட ஒரு கரி டப்பாவும் காற்றாடியும் மாட்டினார். ஒரு வாரம் நாங்கள் அந்தக் கதவைத் திறந்து திறந்து பார்த்தோம். நாலும் பிழைத்துக்கொண்டன. நான் என் தலையீட்டை அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

விஸ்டின் நாலுக்கும் பெயர் வைத்தார். எனக்கு நாலு தங்கைகள். யார் பெயர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

அக்டோபரில் செடிகள் புதராகிவிட்டன. பொந்துக்குள் போனால் வெளியே வர மாட்டார். துறைமுகத்தில் அண்ணாந்து பார்க்க வைத்த ஆள், முழங்காலில் நின்று என் தங்கைகளோடு பேசிக்கொண்டிருந்தார். வீட்டில் என் வழி எல்லாம் காலியாகிவிட்டது. மனுஷன் சாப்பாட்டு மேசைக்கு வரும்போது முகத்தில் ஒரு தெளிச்சி. அதைப் பார்க்கப் பார்க்க, நவம்பரில் செடியை வெளியே போடு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்காகக் குழந்தைக்குப் பக்கத்து இடத்தை விட்டுக்கொடுக்கவும் என்னால் முடியாது. நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

"நீ எப்ப இடத்தைக் கேப்பியோன்னு பயந்துக்கிட்டே இருக்கேன்" என்றார் ஒரு நாள், அவராகவே. "நவம்பர் வந்துருச்சு."

"தெரியுதில்ல."

"ஒரு யோசனை இருக்கு. குறுக்கே ஒரு பலகை போட்டுரலாம். மேலே உனக்கு, கீழே எனக்கு."

"உன் செடிதான் என் இடுப்பைத் தாண்டிப் போவுதே!"

"போகாது. அஞ்சாவது படிக்கு மேல ஒரு இலை வராது. வந்தா வெட்டிரு."

"நான் வெட்ட மாட்டேன்னு நெனைச்சியா?"

"வெட்டுவே. அதனாலதான் வராதுன்னு சொல்றேன்."

பக்கத்துக்கு நாலு சுண்ணாம்புக் கல்லை அடுக்கி, ஐந்தாவது படி மட்டத்துக்குப் பலகையை வைத்தார். படி சரியும் பக்கத்தில் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் கை நுழையும் இடைவெளி இருந்தது. அதில் கறுப்புத் துணியைத் திணித்தார். பலகைக்கு அடியில் அவர் விளக்கு, விளக்குக்கு அடியில் ஒரு சாண் விட்டு அவர் செடிகள். பலகைக்கு மேலே கும்மிருட்டு. அதில் என் சட்டிகள். அலமாரியில் வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் ஒரே அலமாரியின் கதவு கடல் ஈரத்தில் உப்பிப்போய் மூட மறுக்கிறது.

அதற்குப் பிறகு அவர் செய்த வேலையைப் பார்க்க வேண்டுமே. முதலில் உச்சிக் கொழுந்துகளைக் கிள்ளிவிட்டார். உச்சி போன செடி பக்கத்துக்குப் பக்கம் கிளைத்தது. அந்தக் கிளைகளை மெதுவாக, நோகாமல், தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படுக்க வைத்து, தொட்டி விளிம்பில் துளை போட்டுக் கயிற்றால் கட்டினார். வளைக்கும்போது வாய்க்குள், "மாய்னா… மாய்னா…" என்பார். கிரேனில் தொங்கும் பாரத்தை இறக்கு என்பதற்குத் துறைமுகத்தில் கூப்பிடும் சொல் அது. பிறகு ஸ்பீருவின் கிழிந்த மீன்வலையை நாலு தொட்டிக்கும் மேலே இழுத்துக் கட்டி, கண்ணுக்கு ஒரு கிளையாக நுழைத்துவிட்டார். மேலே போக வேண்டிய செடிகள் பாய் விரித்த மாதிரி பரவிக் கிடந்தன. என் முழங்கால் உயரம்கூட இல்லை.

"இப்ப விளக்கைப் பாதி நாளாக் குறைக்கணும்" என்றார். "குறைச்சாத்தான் பூக்கும். ஆனா பூக்குறதுக்கு முன்னாடி ஒரு எகிறு எகிறும்னு ஸ்பீரு சொல்றான்."

"எவ்வளவு எகிறும்?"

"கொஞ்சம்" என்றார். அந்தக் கொஞ்சம் எனக்குப் பிடிக்கவில்லை.

நவம்பர் நடுவில் நான் பயறைத் தூவினேன். என் பாட்டுக்கு ஜெபமாலை சொல்லி, தண்ணீர் தெளித்து, கதவைச் சாத்தினேன். நாலாம் நாள் இருட்டில் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். இரண்டு விரல் உயரம் வந்திருந்தது! வழக்கமாக அந்த நாளில் முளை வாய்கூடத் திறந்திருக்காது. கையை எடுக்க மனமில்லாமல் அங்கேயே நின்றேன். பஞ்சு கதகதவென்று இருந்தது.

பால்கனி வழியாக துமின்கா அக்காவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"அக்கா, இந்த வருஷம் என் முளைப்பாரி பறக்குது."

"பறக்கட்டும்டி. உன் வீட்ல இன்னும் என்னென்னவோ பறக்குதே." மூக்கை உறிஞ்சிக் காட்டினாள். "பூனை ஏதும் செத்துக் கிடக்கா?"

"அது… விஸ்டின் சாக்கடை அடைப்பு எடுக்கறாரு."

"ஆகஸ்டுலேர்ந்து எடுக்கறாரே, பாவம்" என்று சொல்லிவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

முன்வரிசையைப் பறிகொடுத்தவள். வாடை என்று ஒரு புகார் எழுதிப்போட அவளுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஓடிப்போய்க் கரி டப்பாவை மாற்றச் சொன்னேன். மாற்றினார்.

டிசம்பர் பிறந்த அன்று கதவைத் திறந்து டார்ச்சில் சிவப்புத் துணி சுற்றிப் பார்த்தேன். என் முளைகள் முழங்கை நீளத்துக்கு வளர்ந்து, சட்டிக்கு வெளியே சரிந்து, நுனிகள் பழுப்படிக்கத் தொடங்கியிருந்தன. கிறிஸ்துமஸுக்கு நிற்க வேண்டியது கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் முன்பே கிழண்டுவிட்டது. இன்னும் ஒரு வாரத்தில் அழுகும். அடியில் எரியும் அவருடைய விளக்கின் சூடு பலகை வழியாக ஏறி என் பஞ்சை அடுப்பாக்கிவிட்டிருந்தது.

படியில் உட்கார்ந்து அழுதேன். சத்தமாகத்தான் அழுதேன். விஸ்டின் மேலே இருந்து இறங்கி வந்து, விஷயத்தைப் பார்த்து, என் பக்கத்தில் உட்காரப் பயந்து மூன்று படி தள்ளி உட்கார்ந்தார்.

"விளக்கை அணைச்சுடறேன்" என்றார்.

"இப்ப அணைச்சு என்ன? வளர்ந்தது குட்டையாகுமா? உன் செடிக்காவது கொழுந்தைக் கிள்ளலாம், வளைக்கலாம். இதை என்ன பண்ணுவே? கிள்ளினா கருகும், வளைச்சா ஒடியும்!"

"புதுசாத் தூவு."

"யோவ், அஞ்சு வாரம் வேணும்யா! மூணு வாரம்தான் இருக்கு."

விரலை மடக்கி மடக்கி யோசித்தார். கிரேன் ஓட்டுகிற காலத்தில் பாரத்துக்கும் காற்றுக்கும் கணக்குப் போடும்போது அப்படித்தான் செய்வாராம்.

"இது என்னிக்குப் போட்டது? இன்னிக்கு முழங்கை நீளம். இனிமே குளிர் கூடும், அப்பவும் அந்தச் சூட்டுல மூணு வாரம் போதும், மார்த்தேஸ். இன்னிக்கே தூவினா சரியா வந்து நிக்கும். விளக்கு மட்டும் ஒரு நாள்கூட நிக்கக் கூடாது."

அழுகை நின்றுவிட்டது. உண்மைதான். என்னைக் கெடுத்த அதே சூடுதான் என்னைக் காப்பாற்ற வேண்டும். "உன் செடி?" என்று கேட்டேன். "எகிறுதுன்னியே?"

"அதை நான் பார்த்துக்கறேன். அஞ்சாவது படிதானே?"

பழைய புல் ஸ்பீருவின் முயல்களுக்குப் போனது. அந்த முயல்கள் பிறகு வைனில் வெந்து எங்கள் மேசைக்கு வந்தன. அது வேறு விஷயம். அன்றே புதுப் பஞ்சு, புதுப் பயறு. அந்த மூன்று வாரமும் நான் ஒன்று வேண்டிக்கொண்டேன்: என் புல் நீள வேண்டும், அவர் செடி நீளக் கூடாது. ஒரே பொந்துக்குள்ளிருந்து இரண்டு எதிரெதிர் வேண்டுதல். மாதா என்ன செய்வாள்?

செடிகள் எகிறத்தான் செய்தன. கொஞ்சம் என்று சொன்னாரே, அது இரண்டு மடங்கு. தினமும் காலையில் வலையைத் தாண்டி எழுந்தவற்றை அழுத்தி அடுத்த கண்ணுக்குள் நுழைப்பார். "மாய்னா, மாய்னா" என்று கெஞ்சும் குரல் சமையலறை வரை கேட்கும். மூன்று தங்கைகள் அடங்கிக் கிடந்தார்கள். கடைசி மூலையில் இருந்த ரோஸீனா மட்டும் அடங்கவில்லை. நிஜ ரோஸீனாவும் அப்படித்தான். கல்யாண வீட்டுப் படத்தில் எல்லோருக்கும் நடுவில் அவள் தலை மட்டும் உயரமாகத் தெரியும். இந்த ரோஸீனாவின் நடுத் தண்டில் திரண்டிருந்த மொட்டுக்கொத்து மற்றவற்றை விட இரண்டு பங்கு. விஸ்டின் ஸ்பீருவைக் கூட்டிவந்து அதைத் தனியாகக் காட்டினார். ஸ்பீரு தொப்பியைக் கழற்றினான்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருந்தது. கடைத்தெருவுக்குப் போய்க் கஷ்கொட்டையும் கோகோவும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். படிக்கு அடியில் கதவு திறந்திருந்தது. விஸ்டின் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கையில் கத்தரிக்கோல். மடியில் ரோஸீனாவின் தலை.

"என்ன காரியம் பண்ணியிருக்கே?"

"துணியை விலக்கிட்டு மேல போய்ட்டா. காலையில பார்த்தேன், அந்த இடுக்கு வழியா வெளிச்சம் உன் பக்கம் போய்க்கிட்டிருக்கு. பயப்படாதே, சட்டி மேல படலை. சுவரு மேலதான் பட்டுது. பார்த்துட்டேன்."

"வளைச்சிருக்கலாமே!"

"தண்டு கட்டையாயிருச்சு. வளைச்சா அடியோட ஒடியும். தொட்டியை நகர்த்தலாம்னா வலையில எல்லாம் பின்னிக் கிடக்கு. துணியை எப்படித் திணிச்சாலும் தள்ளிடறா." கொத்தைத் திருப்பிப் பார்த்தார். "இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா நல்லா முத்தியிருக்கும்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டா வேணாம்னு சொல்லியிருப்பே" என்றார்.

சொல்லியிருப்பேனா? எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கும் தெரியாது. ஆனால் நான் சொல்லியிருப்பேன் என்று அந்த மனுஷன் நம்பினார். கஷ்கொட்டைப் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்தத் தடவை மூன்று படி இடைவெளி இல்லை. வீடு முழுக்க வாடை. காற்றாடி பாவம், அதன் போக்கில் சுற்றிக்கொண்டிருந்தது.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலையில் பலகை மேலிருந்து சட்டிகளை எடுத்தோம். அடடா! ஒரு முடிகூடப் பச்சை இல்லை. நீளமும் கச்சிதம், சரிய வேண்டிய அளவுக்குச் சரிந்து, நுனி வரை வெள்ளை. ஆளுக்கொரு சட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்தோம். தெருவில் போகிறவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

குடிலில் குழந்தை படுக்கும் வைக்கோலின் இரண்டு பக்கமும் வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிறைவாக நான் நின்றது கிடையாது. கோயில்பிள்ளை கிரெட்ஸு குனிந்து சட்டியை ஒரு விரல் நகர்த்தினார். நகர்த்தியவர் நிமிரவில்லை. மூக்கை அருகே கொண்டுபோனார்.

"மார்த்தேஸ்… இது என்ன வாசனை?"

மூன்று வாரம் அந்தச் செடிகளுக்கு மேலே குடியிருந்த பஞ்சு. வீட்டில் எங்கள் மூக்குக்குப் பழகிப்போனது, இங்கே வந்ததும் எழுந்துவிட்டது. விஸ்டின் புனித சூசையப்பர் சுரூபத்துக்குப் பின்னால் பார்வையை ஒளித்தார்.

"என்ன கேள்வி இது?" பின்னாலிருந்து துமின்கா அக்காவின் குரல். அவளும் தன் சட்டிகளோடு வந்திருந்தாள். "சாம்பிராணி. நான்தான் அவ பஞ்சுல பூசணம் பிடிக்கக் கூடாதுன்னு குடுத்தேன். என் தங்கச்சி மகன் வெளிநாட்டுலேர்ந்து கொண்டாந்தது."

"சாம்பிராணி மாதிரி இல்லையே, அக்கா."

"நாப்பது வருஷமா மலிவுச் சரக்கைக் கொளுத்திக்கிட்டிருக்கே, உனக்கு நல்ல சாம்பிராணி எங்கே தெரியும்? போ, போய் மணியைத் தொடை."

கிரெட்ஸு இன்னொரு தரம் முகர்ந்து, "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே போனார்.

துமின்கா அக்கா தன் சட்டிகளை ஒட்டகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். குட்டையாக, ஒரு பக்கம் லேசான பச்சையோடு இருந்தன. என் இடத்தில் அவள். நான் அவளைப் பார்க்கக் கூசினேன்.

"அக்கா… தெரியுமா உனக்கு?"

"ஆகஸ்டுலேர்ந்து எனக்குத் துணி துவைச்சாலும் அந்த வாடை, ரொட்டி தின்னாலும் அந்த வாடை. தெரியாம இருக்க நான் என்ன செத்தா போய்ட்டேன்?" குரலைத் தாழ்த்தினாள். "எழுதிப்போடலாம்னுதான் ஒரு நாள் உட்கார்ந்தேன். அப்பப் பார்த்து உன் வீட்டுக்காரன் செடியைக் கெஞ்சற சத்தம் கேட்டுது. நான் கல்யாணம் கட்டினவன் என்னைக்கூட அப்படிக் கெஞ்சினதில்ல. விட்டுட்டேன்."

"உனக்கு நான் என்ன செய்யறது?"

"அந்தச் சூட்டுல எனக்கும் ஒரு சட்டிக்கு இடம் குடு, அடுத்த வருஷம். என் அலமாரியில ஒரே குளிரு, முளை எழும்பவே மாட்டேங்குது."

மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து குடிலைப் பிரித்தார்கள். ஜனவரி நடுவில் விஸ்டின் அறுவடை செய்தார். அடங்கிக் கிடந்த மூவரும் நன்றாகவே கொடுத்தார்கள். ரோஸீனாவின் தலை மட்டும் முற்றாமல் காய்ந்து, பச்சைப் புல்லாகக் கிடந்தது. அதை ஸ்பீருவோடு மாடியில் இழுத்துப் பார்த்துவிட்டு, "வைக்கோலைக் கொளுத்தின மாதிரி இருக்கு" என்று இருமி இருமிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு கீழே எனக்குக் கேட்டது. நான் அப்போது பொந்துக்குள் முழங்காலில் நின்றுகொண்டிருந்தேன்.

பலகையை இறக்கினேன். பக்கத்துக்கு ஒரு கல் கூடுதலாக வைத்தேன். சுண்ணாம்புக் கல் என்றாலும் கனம்தான், முதுகு பிடித்துக்கொண்டது. பலகையை மறுபடி ஏற்றி, அது ஆறாவது படி மட்டத்தில் நிற்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தேன். மேல் தட்டு சுருங்கிவிட்டது. என் சட்டிகளில் இரண்டுக்குத்தான் இடம் இருக்கும், மூன்றாவது இடம் துமின்கா அக்காவுக்கு. போதும். குழந்தைக்கு இரண்டு பக்கம்தானே.

விஸ்டின் இறங்கி வந்து எட்டிப் பார்த்தார். கல்லைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார், தூசியோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"உசத்தியிருக்கியா?"

"அடுத்த வருஷமும் ரோஸீனா தலையை நுழைப்பா. தங்கச்சியை எனக்குத் தெரியாதா?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டென்று நிமிர்ந்தார். நிமிர்ந்த வேகத்தில் மாடிப்படியில் தலை மடேரென்று இடித்தது.

"மாய்னா" என்றேன்.